ஷெர்லியின் எட்டாவது பதக்கம்

ஆஸ்திரேலிய ஓட்டக்காரிகள்னு சொன்னா நம்மில் பலருக்கு உடனே ஞாபகத்துக்கு வர்றது கேத்தி ஃப்ரீமன். 2000, சிட்னி, தலையையும் சேர்த்து மூடின அந்த உடை, 400 மீட்டர், 49.11 செகண்ட். அதுக்கப்புறம் தடை தாண்டும் ஓட்டத்துல 2012 லண்டன்ல தங்கம் வாங்கின சாலி பியர்சன். இந்தப் பதிவு அவங்களைப் பத்தி இல்லை. இவங்களுக்கெல்லாம் பாட்டி முறை ஆகிற ஒரு அம்மணியைப் பத்தி. பேரு ஷெர்லி ஸ்ட்ரிக்லாண்ட். மூணு ஒலிம்பிக்ஸ், ஏழு பதக்கம். ஏழா எட்டாங்கறதுதான் மேட்டரே.

1925ல பிறந்தவங்க. மேற்கு ஆஸ்திரேலியாவுல பித்தாராங்கற ஊர்ப்பக்கம் கோதுமைப் பண்ணையில வளர்ந்தாங்க. ஓட்டம் ரத்தத்துலயே இருந்தது. அப்பா டேவிட் ஸ்ட்ரிக்லாண்ட் 1900ல 'ஸ்டாவெல் கிஃப்ட்' ஜெயிச்சவர். விக்டோரியா மாநிலத்துல ஸ்டாவெல்னு ஒரு தங்கச் சுரங்க ஊர். அங்கே 1878ல இருந்து நடக்கிற பந்தயம் அது. வேகமா ஓடறவன் பின்னாடி இருந்து கிளம்பணும், சுமாரா ஓடறவன் கொஞ்சம் முன்னாடி இருந்து. ஜெயிச்சா பரிசு, பணம். சிக்கலே அந்தப் பணத்துலதான். ஓடிக் காசு வாங்கினவன் 'தொழில்முறை' ஆள், அவனுக்கு ஒலிம்பிக்ஸ் கதவு சாத்தியாச்சு. அதே 1900ல பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ஸ்டான் ரௌலிங்கற ஆஸ்திரேலியர் ஓடி மூணு வெண்கலம் வாங்கினார். டேவிட்டால அந்தப் பக்கமே போக முடியாது.

பொண்ணு படிச்சது இயற்பியல். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துல 1945ல ஹானர்ஸ், அதுவும் அணுக்கரு இயற்பியல்ல. அப்புறம் பெர்த் டெக்னிக்கல் காலேஜ்ல கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தாங்க. 'விளையாட்டா, படிப்பா, ஒண்ணை முடிவு பண்ணு'ன்னு பத்தாவதுல நம்ம கையிலிருந்து பேட்டைப் பிடுங்கி வெச்ச பெரியவங்க இந்த பாராவைப் படிக்காம இருக்கறது நல்லது :-)

சரி, 1948க்கு வருவோம். லண்டன், வெம்ப்ளி. போர் முடிஞ்சு மூணே வருஷம். அந்த ஒலிம்பிக்ஸ் முழுக்க ஃபேனி பிளாங்கர்ஸ் கோயன்ங்கற டச்சுக்காரம்மாவோட ராஜ்யம். முப்பது வயசு, ரெண்டு குழந்தைக்குத் தாய், நாலு தங்கம். அந்த நாலு இறுதிப் போட்டியிலயும் ஷெர்லியும் ஓடினாங்க. ஆகஸ்ட் 2ஆம் தேதி 100 மீட்டர்: வெண்கலம். 4ஆம் தேதி 80 மீட்டர் தடை தாண்டல்: வெண்கலம். 7ஆம் தேதி தொடர் ஓட்டம்: வெள்ளி. கடைசிச் சுற்றுல ஃபேனி பின்னாலிருந்து துரத்தி வந்து ஆஸ்திரேலியாவைப் பிடிச்சாங்க. டச்சு அணி 47.5, ஆஸ்திரேலியா 47.6. நடுவுல, ஆகஸ்ட் 6ஆம் தேதி, 200 மீட்டர். பெண்களுக்கு ஒலிம்பிக்ஸ்ல 200 மீட்டர் வெச்சதே அந்த வருஷம்தான் முதல் முறை. ஃபேனி தங்கம். இங்கிலாந்தோட ஆட்ரி வில்லியம்சன் வெள்ளி. அமெரிக்காவோட ஆட்ரி பேட்டர்சன் வெண்கலம். ஷெர்லி நாலாவது.

இது யார் சொன்ன நாலாவதுன்னு கொஞ்சம் பார்க்கணும்.

அந்தக் காலத்துல முடிவுக்கோட்டுக்குப் பக்கத்துல படிக்கட்டு மாதிரி ஒரு மேடை இருக்கும். அதுல நடுவர்கள் வரிசையா ஒருத்தர் மேல ஒருத்தரா உக்காந்திருப்பாங்க. யார் முதல், யார் ரெண்டாவதுன்னு கண்ணால பார்த்துச் சொல்லணும். தலையோ கையோ கோட்டைத் தாண்டினா கணக்கில்லை, உடம்பு தாண்டணும். மணிக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம் வேகத்துல ரெண்டு பேர் அரை அடி வித்தியாசத்துல வந்தா, அந்த அரை அடி கடக்கற நேரம் ஒரு செகண்ட்ல அம்பதுல ஒரு பங்கைவிடக் குறைவு. கண்ணைச் சிமிட்டறதுக்கே இதைவிட அதிக நேரம் ஆகும்.

இத்தனைக்கும் வெம்ப்ளியில கேமரா இருந்தது. அது சாதாரண கேமரா இல்லை, விஷயம் ரொம்ப அழகானது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. கேமராவுக்குள்ள மெல்லிய ஒரு பிளவு. அது முடிவுக்கோட்டை மட்டும்தான் பார்க்கும். அந்தப் பிளவுக்குப் பின்னாடி ஃபிலிம் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். அதனால வர்ற படத்துல இடப்பக்கம் வலப்பக்கம்னு நமக்குத் தெரியறது இடம் இல்லை, நேரம். படம் முழுக்க எங்கே பார்த்தாலும் அது அதே கோடுதான், வேற வேற நொடியில. யார் உடம்பு ஃபிலிம்ல முன்னாடி பதிஞ்சிருக்கோ அவங்க முன்னாடி கோட்டைத் தொட்டாங்கன்னு அர்த்தம். வாக்குவாதத்துக்கே இடமில்லை. இன்னைக்கு ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தாச்சே தவிர தத்துவம் அதேதான்.

அந்த கேமரா சும்மா அலங்காரத்துக்கும் இல்லை. அதே ஒலிம்பிக்ஸ்ல ஆண்கள் 100 மீட்டர்ல பார்னி யூவெல் தான்தான் ஜெயிச்சோம்னு துள்ளிக் குதிச்சார். படம் வந்தது, ஹாரிசன் டில்லர்டுக்குத்தான் தங்கம். இன்னும் வேடிக்கை, ஆண்கள் தொடர் ஓட்டத்துல பேட்டன் கைமாத்தினது எல்லைக்கு வெளியேன்னு அமெரிக்காவைத் தகுதி நீக்கம் பண்ணி இங்கிலாந்துக்குத் தங்கத்தைக் கொடுத்துட்டாங்க. அப்புறம் சினிமா ஃபிலிமைப் போட்டுப் பார்த்தா கைமாத்தினது சரிதான்! இங்கிலாந்துக்காரங்க தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. ஆக, படத்தைப் பார்த்து முடிவை மாத்தறதுங்கறது அந்த வாரத்துல நடைமுறையில இருந்த விஷயம்தான்.

பெண்கள் 200 மீட்டர் படத்தை மட்டும் யாரும் பார்க்கலை. 1975ல அதை எடுத்து ஆராய்ஞ்சப்ப மூணாவதா வந்தது ஆட்ரி பேட்டர்சன் இல்லை, ஷெர்லின்னு தெரிஞ்சது. 27 வருஷம். நம்ம தொழில்ல சொல்லணும்னா, லாக் ஃபைல் பத்திரமா இருந்திருக்கு, திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.

தெரிஞ்ச பிறகாவது மாத்தினாங்களான்னா, அதுவும் இல்லை. ஒலிம்பிக்ஸ் பட்டியல்ல இன்னைக்கும் வெண்கலம் பேட்டர்சனுக்குத்தான், ஷெர்லி நாலாவதுதான்.

இங்கே கதை இன்னொரு பக்கம் திரும்புது. நானும் முதல்ல இதைப் படிச்சப்ப 'அநியாயம்டா சாமி, பதக்கத்தை வாங்கி ஷெர்லிகிட்ட குடுங்க'ன்னுதான் நினைச்சேன். அந்த ஆட்ரி பேட்டர்சன் யாருன்னு தேடினதும் கொஞ்சம் கம்முனு ஆயிட்டேன். நியூ ஆர்லியன்ஸ் பொண்ணு. கறுப்பினத்தவங்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனி பஸ் இருக்கைன்னு சட்டம் போட்டு வெச்சிருந்த ஊர்ல இருந்து வந்தவங்க. ஒலிம்பிக்ஸ்ல பதக்கம் வாங்கின முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவங்கதான். உயரம் தாண்டுதல்ல ஆலிஸ் கோச்மேன் வாங்கின தங்கம் அதுக்கு அடுத்தபடியா வந்தது. பின்னாடி பேட்டர்சன் சான் டியேகோவுல சின்னப் பசங்களுக்காக ஓட்டப்பந்தயக் குழு ஒண்ணை ஆரம்பிச்சு வருஷக்கணக்கா நடத்தினாங்க. 1996ல இறந்துட்டாங்க. அவங்க எந்தத் தப்பும் பண்ணலை. ஓடினாங்க, நடுவர் மூணாவதுன்னு சொன்னார், மேடை ஏறினாங்க. அவ்வளவுதான்.

அதனால பிடுங்கணும்னு நான் சொல்லலை. ஆனா இன்னொரு வெண்கலத்தைச் செஞ்சு ஷெர்லிகிட்ட கொடுக்கறதுல என்ன நஷ்டம்? இது முடியாத காரியமும் இல்லை. 1912ல ஜெயிச்சு, தொழில்முறை ஆள்னு சொல்லிப் பறிக்கப்பட்ட ஜிம் தோர்ப்போட தங்கத்தை ஒலிம்பிக் கமிட்டி 1982ல திருப்பிக் கொடுக்க முடிவு பண்ணப்ப, இடைப்பட்ட காலத்துல முதலிடத்துல இருந்தவங்களையும் விட்டு வெச்சு, கூட்டு வெற்றியாளர்னுதான் அறிவிச்சாங்க (2022லதான் தோர்ப்பை மட்டும் தனி வெற்றியாளர் ஆக்கினாங்க). எழுபது வருஷப் பழைய கணக்கை மாத்த மனசு வந்தவங்களுக்கு, 27 வருஷப் பழைய கணக்கு கண்ணுல படலை.

இன்னொரு உதாரணம் நம்ம பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நல்லாவே தெரியும். 2000 சிட்னி 200 மீட்டர்ல இலங்கையோட சுசந்திகா ஜயசிங்க மூணாவது. ஊக்கமருந்து விவகாரத்துல மரியன் ஜோன்ஸோட பதக்கங்கள் போனதும், 2009ல ஒலிம்பிக் கமிட்டி பட்டியலைத் திருத்தி சுசந்திகாவுக்கு வெள்ளின்னு ஆக்கினாங்க. அதே திருத்தத்துல ஜமைக்காவோட மெர்லின் ஓட்டிக்கு 100 மீட்டர்ல ஒரு வெண்கலம் கிடைச்சது. அது அவங்களோட ஒன்பதாவது பதக்கம்.

ஓட்டி பேரை ஏன் இழுத்தேன்னா, ஷெர்லியோட ஏழுங்கற எண் சாதாரண எண் இல்லை. தடகளத்துல அத்தனை பதக்கம் வாங்கின பெண் அதுக்கு முன்னாடி கிடையாது. 1976ல போலந்தோட இரீனா ஷெவின்ஸ்கா ஏழைத் தொட்டாங்க, சமம். எட்டாவதை ஓட்டி எடுத்தது 2000லதான். அந்த ஒரு வெண்கலம் ஷெர்லி கணக்குல இருந்திருந்தா 2000 வரைக்கும் தனியா உச்சியில நின்னுருப்பாங்க. மழையில நனைஞ்ச வெம்ப்ளி பாதையில யாரோ ஒருத்தர் கண் தப்பாப் பார்த்ததோட வட்டி அது.

நிற்க. 1948லயே நின்னுட்டா அம்மணிக்குத் துரோகம் பண்ணின மாதிரி ஆயிடும்.

1952 ஹெல்சின்கி. 80 மீட்டர் தடை தாண்டல். இன்னைக்கு இருக்கிற 100 மீட்டர், பத்து தடை, 84 சென்டிமீட்டர் உயரமெல்லாம் 1972 ஒலிம்பிக்ஸ்ல இருந்துதான். அப்ப எட்டு தடை, உயரம் 76 சென்டிமீட்டர். இறுதிப் போட்டியில ஃபேனி தடையில இடிச்சுப் பாதியில நின்னுட்டாங்க. ஷெர்லி 10.9, உலக சாதனை, முதல் தங்கம். 100 மீட்டர்ல மறுபடி வெண்கலம். அந்தப் போட்டியில தங்கம் வாங்கினது 'லித்கோ மின்னல்'னு பேர் வாங்கின மார்ஜரி ஜாக்சன். லித்கோங்கற சின்ன ஊர்ல இருந்து வந்து 100, 200 ரெண்டையும் ஜெயிச்சுட்டுப் போனாங்க. (பிற்காலத்துல, 2001ல இருந்து 2007 வரைக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவோட ஆளுநர்!) மின்னல் ஒரு பக்கம், ஷெர்லி ஒரு பக்கம்னா தொடர் ஓட்டத் தங்கம் கையில இருக்கிற மாதிரிதான். தகுதிச் சுற்றுல 46.1ன்னு உலக சாதனையே போட்டாங்க. இறுதியில வின்சம் கிரிப்ஸ் கையில இருந்து ஜாக்சன் கைக்குப் போற இடத்துல பேட்டன் தவறிடுச்சு. அஞ்சாவது இடம். இதுக்கு எந்த நடுவரையும் திட்ட முடியாது.

அப்புறம் 1953ல குழந்தை. 1955ல வார்சாவுல 100 மீட்டரை 11.3ல ஓடி உலக சாதனை. 1956 மெல்போர்ன் வந்தப்ப வயசு 31. வாலிபப் பொண்ணுங்க நடுவுல இந்தம்மா என்ன பண்ணப் போறாங்கன்னு பேசினவங்க எல்லாரையும் 10.7 செகண்ட்ல வாயை மூட வெச்சாங்க. ரெண்டாவதா வந்தவங்க ஜெர்மனியோட கிசெலா கோலர், 10.9. ஓட்டப் பந்தயத்துல ஒலிம்பிக் தங்கத்தைத் தக்க வெச்ச முதல் பெண் ஷெர்லிதான். கூடவே தொடர் ஓட்டத்துலயும் தங்கம், 44.5, உலக சாதனை. ஷெர்லி, நார்மா கிரோக்கர், ஃப்ளோர் மெல்லர், கடைசியா 18 வயசு பெட்டி கத்பர்ட். பெட்டியோட பயிற்சியாளர் ஜூன் ஃபெர்குசன் 1948ல ஷெர்லியோட தொடர் ஓட்ட அணியில ஓடி வெள்ளி வாங்கினவங்க. அப்ப அவங்க பேரு ஜூன் மாஸ்டன். 1968ல 17 வயசுல 80 மீட்டர் தடை தாண்டல்ல தங்கம் வாங்கின மௌரீன் கெயர்டும் இவங்க சிஷ்யைதான். குரு பரம்பரைன்னா இது.

ஆனா அந்த 1956 தொடர் ஓட்ட அணியில ஒரு பேர் இல்லை பாருங்க. மார்லீன் மாத்யூஸ். அதே மெல்போர்ன்ல 100, 200 ரெண்டுலயும் வெண்கலம் வாங்கினவங்க. அதாவது ஆஸ்திரேலியாவோட ரெண்டாவது வேகமான பொண்ணு. நாலு பேர் வேணுங்கற அணியில தேர்வாளர்கள் அவங்களைச் சேர்க்கலை. அவங்க இல்லாமலே தங்கம் வந்ததால அந்தக் கேள்வியை அப்புறம் யாரும் பெருசா எடுக்கலைங்கறது என் எண்ணம். ஜெயிச்ச அணியோட தேர்வை எவன் கேள்வி கேப்பான்? மார்லீன் 1958ல 100 கஜம், 220 கஜம் ரெண்டுலயும் உலக சாதனை போட்டுப் பதில் சொன்னாங்க.

இப்படி அடுத்தவங்க பார்வையால பாதிக்கப்பட்டவங்கள்ல எனக்கு ரொம்ப வலிச்சது ரேலீன் பாயில் கதை. 1968ல 17 வயசுல 200 மீட்டர் வெள்ளி. 1972 ம்யூனிக்ல 100லயும் 200லயும் வெள்ளி. ரெண்டுலயும் தங்கம் கிழக்கு ஜெர்மனியோட ரெனாட்டே ஸ்டெஹர். 200ல வித்தியாசம் 22.40க்கும் 22.45க்கும்தான். கிழக்கு ஜெர்மனி அரசாங்கமே விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த கதையெல்லாம் ஜெர்மனிகள் இணைஞ்ச பிறகு ஆவணங்களோட வெளிவந்தது. ஆனா பந்தயம் நடந்த காலத்துப் பரிசோதனையில யாரும் மாட்டலை, பட்டியலும் மாறலை. 1976 மாண்ட்ரியால்ல துவக்க விழாவுல ஆஸ்திரேலியக் கொடியைப் பிடிச்சு வந்தது ரேலீன்தான். 200 மீட்டர் அரையிறுதியில ரெண்டு தடவை தப்பான தொடக்கம்னு வெளியே அனுப்பிட்டாங்க. அதுல முதலாவது தப்பே இல்லைன்னு பின்னாடி வீடியோ பார்த்தப்ப தெரிஞ்சது. 1948ல படம் பிடிச்சும் பார்க்கலை. 1976ல வீடியோ இருந்தும், துப்பாக்கி வெச்சிருந்தவர் கண்ணுதான் கடைசி வார்த்தை. இருபத்தெட்டு வருஷத்துல இதுதான் முன்னேற்றம். ரேலீனுக்கு ஒலிம்பிக் தங்கம் கடைசி வரைக்கும் வரலை. 1982 பிரிஸ்பேன் காமன்வெல்த்ல, சொந்த மண்ணுல, 400 மீட்டர் தங்கத்தோட முடிச்சுக்கிட்டாங்க.

எல்லாம் சோகமாவே போகுதேன்னு பார்க்காதீங்க, நேர்மையான மெஷின் என்ன பண்ணும்னும் பார்ப்போம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் 400 மீட்டர் தடை தாண்டல் இறுதி, நம்ம பி.டி.உஷா. மூணாவது 55.41, உஷா 55.42. இந்தியாவே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்த ராத்திரி. அதே போட்டியில ஆறாவதா வந்தது டெபி ஃப்ளின்டாஃப்னு ஒரு ஆஸ்திரேலியப் பொண்ணு. நாலு வருஷம் கழிச்சு சியோல், அதே போட்டி. கடைசித் தடையைத் தாண்டினப்ப கூட டெபி முன்னாடி இல்லை. கோட்டுகிட்ட உடம்பை முன்னாடி வீசினாங்க. டெபி 53.17. சோவியத்தோட தத்யானா லெடோவ்ஸ்கயா 53.18. தங்கம். உஷாகிட்ட இருந்து பறிச்ச அதே நூறுல ஒரு பங்கு செகண்ட்தான். உஷா தோத்ததுக்கு நாம அழலாம், ஆனா அது தப்பான முடிவுன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது. கண்ணால பார்த்துச் சொல்லியிருந்தா இன்னைக்கு வரைக்கும் சண்டை போட்டுக்கிட்டு இருந்திருப்போம்.

சாலி பியர்சன் கணக்கு இன்னும் பொடி. 2008 பெய்ஜிங்ல சாலிக்கும் கனடாவோட பிரிசில்லா லோபெஸுக்கும் பலகையில ஒரே நேரம், 12.64. படத்துல ஆயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் பார்த்துத்தான் சாலிக்கு வெள்ளி, பிரிசில்லாவுக்கு வெண்கலம்னு பிரிச்சாங்க. 2012 லண்டன்ல, மழைத் தூறல்ல, 12.35க்கும் 12.37க்கும் நடுவுல தங்கம் யாருக்குன்னு தெரியாம சாலி பலகையையே வெறிச்சுப் பார்த்துட்டு நிக்கிற காட்சி யூட்யூப்ல கிடைக்கும், பாருங்க. பேர் வந்ததும் அப்படியே தரையில விழுவாங்க. ஷெர்லியோட வெண்கலம் தொலைஞ்ச அதே லண்டன். இடையில 64 வருஷம்.

ஷெர்லி 2001ல தன் பதக்கங்களை ஏலத்துல விட்டாங்க. பேரக் குழந்தைகள் படிப்புக்கும், காடுகளைக் காப்பாத்தற வேலைக்கும் பணம் வேணும்னு. நாட்டுச் சொத்தை விக்கறதான்னு சிலர் குதிச்சாங்க. ஓடின காலத்துல ஒரு காசு தொடக்கூடாதுன்னு விதி போட்டவங்க யாரும் அந்தப் பேரப் பசங்களுக்கு ஃபீஸ் கட்டப் போறதில்லைங்கறதால எனக்கு இதுல கருத்து வேறுபாடே கிடையாது. வாங்கினவங்க பேரைச் சொல்லிக்காம மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்துல இருக்கிற அருங்காட்சியகத்துக்கே கொடுத்துட்டாங்க. 2004 பிப்ரவரியில ஷெர்லி காலமானாங்க, வயசு 78.

மெல்போர்ன் பக்கம் இருக்கிற பதிவர்கள் யாராவது அந்த அருங்காட்சியகம் போனா, பதக்கங்களுக்குப் பக்கத்துல 200 மீட்டரைப் பத்தி ஒரு வரியாவது எழுதி வெச்சிருக்காங்களான்னு பார்த்துச் சொல்லுங்க. பெட்டி கத்பர்ட்டை இதுல ரெண்டு வரியில தாண்டிட்டேன். 100, 200, 400 மூணுலயும் ஒலிம்பிக் தங்கம் வாங்கின ஒரே ஆள் அவங்கதான், அது தனிப் பதிவு. ஆபீஸ்ல ஆணி குறைஞ்சதும் போடறேன்.